ஞாயிறு காலை வயிற்றுவலி: பிள்ளைகள் ஆலயத்தையும் விசுவாசத்தையும் விட்டு விலகாமலிருக்க சென்னைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி ஒன்று உண்டு. ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். ஆராதனை முடிகிற பத்தரைக்குச் சுத்தமாக நின்றுவிடும். மத்தியானப் பிரியாணிக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இருக்காது.

வடசென்னையில் ஒரு சபையில் இருபத்திரண்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் பிள்ளைகளுக்கு அக்கா, அப்புறம் ஆன்ட்டி, இப்போது என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு டீச்சர் பாட்டி. இந்த வயிற்றுவலிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருத்தன் இருந்தான். அவன் விஷயத்தில் நான் செய்த தப்புகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதுவது சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைப் பழக்கத்தை ஒட்டி இருக்கும். ஐயர் என்று வருவது சபைப் போதகர்; திடப்படுத்தல் என்பது வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஆராதனை. கத்தோலிக்க வீட்டார் ஓய்வுநாள் பள்ளி என்று வரும் இடத்தில் மறைக்கல்வி என்றும், திடப்படுத்தல் என்று வரும் இடத்தில் உறுதிபூசுதல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் ஆராதனை மூன்று மணி நேரம்கூடப் போகும். அங்கே பிள்ளையின் பொறுமைக்கு வேறு கணக்கு.

படி 1: இரண்டு வாரம் திட்டாமல் கவனியுங்கள்

“வர மாட்டேன்” என்று பிள்ளை சொன்னவுடன் நாம் “கர்த்தருக்குப் பயப்படுற பயமே இல்ல” என்று ஆரம்பித்துவிடுகிறோம். காரணம் அதுவாக இருப்பது அபூர்வம். நான் பார்த்தவரை காரணங்கள் இவை: சபையில் அவன் வயதில் நண்பன் இல்லை. தமிழ் புரியவில்லை. வகுப்பில் யாரோ அவனை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டிவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன். ஞாயிறு டியூஷன் டெஸ்டுக்குப் படிக்கவில்லை. இவற்றோடு, உண்மையாகவே மனதுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நண்பன் இல்லாத பிள்ளைக்கு வசனம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காரணத்தை நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் வராது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வரும். மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு நடக்கும்போது வரும். கண்ணைப் பார்க்க வேண்டியில்லாத இடங்களில்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள்.

படி 2: ஞாயிறு சனிக்கிழமையே ஆரம்பிக்கிறது

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சட்டையைச் சனிக்கிழமையே அயர்ன் பண்ணிவையுங்கள். காணிக்கையைப் பிள்ளையின் கையிலேயே ராத்திரி கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அது அவன் பாக்கெட் மணியிலிருந்து போகட்டும், பத்து ரூபாயானாலும் சரி. போன் பத்தரைக்கு ஹாலில் சார்ஜ் ஏற வேண்டும், அப்பாவுடைய போனும்தான்.

ஆலயத்தில் முன்னால் உட்காருங்கள். பின்வரிசையில் உட்காரும் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் தலைகளும் ஃபேனும்தான். முன்னால் இருந்தால் திருவிருந்து மேசையில் அப்பம் பிட்கப்படுவதைப் பார்க்கும், ஞானஸ்நானம் வாங்குகிற குழந்தை அழுவதைப் பார்க்கும்.

டியூஷன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ஞாயிறு காலை ஏழு மணி பேட்ச் தவிர வேறு பேட்ச் இல்லை என்று சென்டரில் சொல்வார்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டால் பதினொன்றரைக்கு ஒரு பேட்ச் பிறப்பதை நானே பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஒரு வருடம் முழுக்க ஆலயத்துக்கு லீவு விட்டுவிடும் வீடுகள் நம்மிடம் அதிகம். அந்தப் பிள்ளை கல்யாணத்துக்குப் போகிறது, பிறந்தநாள் பார்ட்டிக்குப் போகிறது, ஆலயத்துக்கு மட்டும் நேரமில்லை. முக்கியமான வேலை வந்தால் முதலில் எதை விடலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, காலேஜ் போன பிறகு அவன் அதைச் சரியாகச் செய்தால் அழுகிறோம்.

படி 3: திரும்பி வரும் வழி

ஆராதனை பிள்ளையை எவ்வளவு தொடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் இருபது நிமிடம் தொடுகிறது. “ஐயர் இன்னிக்குப் பிரசங்கத்தை இழுத்துட்டாரு.” “கொயர்ல அந்தம்மா சுதியே சேரல.” சபைத் தேர்தல் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். யார் எந்த ஊர்க்காரர், யார் நம்ம ஆள், யாருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று வீட்டு ஹாலே கமிட்டி அறையாகிவிடும். ஊர் என்று நாம் சொன்னாலும் பேசுவது சாதி என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். “கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று” என்று ஒன்பது மணிக்குப் பாடமும் கேட்டு, இதையும் பதினொரு மணிக்குக் கேட்கிற பிள்ளை எதை நம்பும்?

வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள்: ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடியும்வரை சபையைப் பற்றியும் ஐயரைப் பற்றியும் குறை பேசுவதில்லை. குறை இருந்தால் திங்கட்கிழமை ஐயரிடமே பேசுங்கள். அப்படிப் பேசினீர்கள் என்பதும் பிள்ளைக்குத் தெரியட்டும்.

பிள்ளையிடம் “இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்டால் “லவ்” அல்லது “ஒபே” என்று ஒரே வார்த்தையில் வண்டி நின்றுவிடும். “இன்னிக்கு எந்த இடத்துல ரொம்ப போரடிச்சுது?” என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையாகப் பதில் வரும். நேர்மையாக ஆரம்பித்த பேச்சு எங்கேயாவது போய்ச் சேரும்.

படி 4: தமிழைத் திறந்து கொடுங்கள்

சென்னையில் இதுதான் பெரிய பிரச்சினை என்பது என் எண்ணம். போதகர்கள் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் பேசுவது சென்னைத் தமிழ். பள்ளியில் பலருக்கு இரண்டாம் மொழி இந்தியோ பிரெஞ்சோ. அந்தப் பிள்ளையை ஆலயத்தில் உட்காரவைத்து, “தாழ்ச்சியடையேன்” என்கிறோம். ஒரு தடவை, இயேசுவைப் பார்க்க மரத்திலேறிய சகேயு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “சகேயு ஆயக்காரருக்குத் தலைவன்” என்றதும் இரண்டாம் வகுப்புக் குட்டி ஒருத்தி கையைத் தூக்கினாள். “டீச்சர், ஆயக்காரர்னா ஸ்கூல் ஆயாவோட வீட்டுக்காரரா?” சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் அன்றைக்கு ராத்திரி யோசித்தால், அதற்கு முன்னால் எத்தனை வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், எத்தனை பிள்ளைகள் கையைத் தூக்காமல் ஆயாவின் வீட்டுக்காரரையே மரத்திலேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும் என்று தோன்றியது. இப்போதெல்லாம், “டோல்கேட்ல காசு வாங்குற ஆள் மாதிரி, ஆனா நூறு ரூபாய்க்கு இருநூறு வாங்கி மிச்சத்தைத் தன் பையில போட்டுக்குவாரு” என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, மணலில் விரலால் எழுதும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றார் என்பார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. அதே நூற்றாண்டில் நம்ம வேப்பேரியில் இன்னொரு ஜெர்மன் மிஷனரி ஃபாப்ரிசியஸ் பல வருடம் உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழில் சீர்படுத்தினார். ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். இன்று நாம் வாசிக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தின் தமிழ் 19-ஆம் நூற்றாண்டினுடையது. எனக்கு அந்த நடை உயிர். அதற்காக என் பேத்திக்கும் முதல் நாளே அது உயிராக வேண்டும் என்று கேட்க முடியாது.

செய்ய வேண்டியது இது. வீட்டில் மூன்று வேதாகமம் இருக்கட்டும்: பழைய திருப்புதல் ஒன்று, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ஒன்று, பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷில் ஒன்று. சங்கீதம் 23-ஐ மூன்றிலும் வாசிக்கச் சொல்லுங்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்பது பொது மொழிபெயர்ப்பில் “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் பிள்ளைக்குத் தாழ்ச்சி என்றால் என்ன என்று நாம் சொல்லவே வேண்டாம். ஒரு நோட்டுப் போடுங்கள். வாரத்துக்கு மூன்று சொல் போதும்: இரட்சிப்பு, கிருபை, நீதிமான். அர்த்தத்தைப் பிள்ளையே தன் வார்த்தையில் எழுத வேண்டும். “கிருபைன்னா, ஃபெயிலானாலும் அடுத்த கிளாஸ்ல உட்காரவெக்கிறது” என்று ஒரு பையன் எழுதினான். நான் அதைத் திருத்தவில்லை.

தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆலயமே நல்ல பள்ளிக்கூடம். பாமாலைப் புத்தகத்தை விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். ராகம் தெரிந்த வரியை வாசிப்பது சுலபம். கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளில் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் ஒர்ஷிப் பாட்டு நாலு கார்டில் முடிந்துவிடும். கீர்த்தனை முடியாது, அவனே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

படி 5: பத்து நிமிடக் குடும்ப ஜெபம், ஆனால் அதில் கோள் சொல்லக் கூடாது

நம் வீடுகளில் குடும்ப ஜெபம் செத்ததற்கு டி.வி. சீரியலைக் குற்றம் சொல்வோம். எனக்கென்னவோ அப்பாக்களின் நீண்ட ஜெபம்தான் காரணம் என்று தோன்றுகிறது. அதைவிட மோசம், ஜெபத்துக்குள் ஒளிந்துகொண்டு பிள்ளையைத் திட்டுவது. “ஆண்டவரே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியைத் தாரும்; எந்நேரமும் செல்போனைப் பார்க்கிற சிந்தையை எடுத்துப்போடும்” என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பையன் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். கடவுளிடம் பேசுகிற நேரத்தில் தன்னைப் பற்றிக் கோள் போகிறது என்று தெரிந்த பிள்ளை அந்தப் பாயில் எப்படிப் பிரியமாக உட்காரும்?

பத்தே நிமிடம். ஒரு பாட்டில் ஒரு சரணம். மாற்கு சுவிசேஷத்தில் அரை அதிகாரம், ஆளுக்கு நாலு வசனமாகச் சுற்றி வர வேண்டும். மாற்குதான் நாலு சுவிசேஷத்தில் சின்னது, 16 அதிகாரம். தினம் அரை அதிகாரம் என்றால் 32 நாளில் ஒரு சுவிசேஷம் முடிந்துவிடும். முடித்த அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம் ஜெபம். அப்பாவும் ஒரே வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் சில நேரம், “இன்னிக்கு அம்மாகிட்ட கத்திட்டேன், மன்னியும்” என்று இருக்கட்டும். இருபது பிரசங்கத்தில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

ராத்திரி ஒன்பதுக்கு ஐ.டி. ஷிப்ட் போகிறவர்கள் காலையில் ஸ்கூல் வேன் வரும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் நாலு நாள் நடந்தாலே பெரிய காரியம். விட்டுப்போன நாளுக்குக் குற்றவுணர்வு வேண்டாம்.

படி 6: கேள்வி கேட்கிற பிள்ளையை வெளியே தள்ளாதீர்கள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த நாள். நான் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த புதிது. ஆராதனைக்கு வந்தவர்கள் கடலை நோக்கி ஓடிய அந்தக் காலை இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, மீனவர் குடும்பத்துப் பையன் ஒருத்தன் என் வகுப்பில் கேட்டான்: “அக்கா, முந்தின நாள்தானே அவருக்கு பர்த்டே கொண்டாடினோம்? ஒரே நாள்ல ஏன் இப்படிப் பண்ணாரு?”

“அதெல்லாம் கர்த்தருடைய சித்தம், தம்பி. அப்படிக் கேக்கக் கூடாது” என்றேன். அவன் தலையை ஆட்டினான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவனுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். பதில் எனக்கு இன்றும் இல்லை. ஆனால் சங்கீதம் 13-ஐத் திறந்து காட்டியிருக்கலாம். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று தாவீது கத்துகிற இடம் அது. நண்பன் லாசரு செத்தபோது “இயேசு கண்ணீர் விட்டார்” என்று மூன்றே வார்த்தையில் நிற்கும் வசனத்தைக் காட்டியிருக்கலாம். அந்தக் கேள்வி வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்தான் அதை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

இத்தனைக்கும் நம்ம ஊர் தோமாவின் ஊர். கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்தார், 72-இல் பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார், சாந்தோமில் அடக்கம் பண்ணப்பட்டார் என்பது பாரம்பரியம். சீஷர்கள் பன்னிரண்டு பேரில் சென்னைக்கு வாய்த்தவர், “தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்” என்றவர். யோவான் 20-இல் ஒரு வசனத்தை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தோமா நம்ப மாட்டேன் என்று சொன்ன பிறகு, “எட்டு நாளைக்குப் பின்பு” சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களோடுகூட இருந்தான் என்று இருக்கும். எட்டு நாள்! மற்றப் பத்துப் பேரும் உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ணால் பார்த்தவர்கள். இவன் ஒருத்தன் நம்பவில்லை. ஆனாலும் யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை, அவனும் கிளம்பிப் போகவில்லை. சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள், ஒரே கூரையில் தூங்கியிருப்பார்கள். ஆண்டவர் வந்தபோது அவன் உள்ளே இருந்தான்.

வீட்டில் செய்ய வேண்டிய முறை இது. கேள்வி வந்ததும் முதலில் “நல்லா கேட்ட” என்று சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், பிள்ளை வாயைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறது. அடுத்து, தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் குறியுங்கள்: “வியாழக்கிழமைக்குள்ள ஐயர்கிட்ட கேட்டுட்டு வரேன்.” அந்த வியாழக்கிழமையை மட்டும் தவறவிடாதீர்கள்.

சில கேள்விகள் எல்லா வீட்டிலும் வரும். டைனோசர் பற்றி வரும். ஆதியாகமத்தை வரிக்கு வரி வாசிப்பவர்களும் உண்டு, கவிதையாக வாசிக்கும் ஆழ்ந்த விசுவாசிகளும் உண்டு என்று இரண்டையும் சொல்லுங்கள். “என் ஃபிரண்ட் நரகத்துக்குப் போவானா?” என்று வரும். தீபாவளிக்கு முறுக்கு அனுப்பும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறது. “தீர்ப்பு நம்ம கையில இல்ல, அவர் கையில இருக்கு, அவர் நம்மளவிட இரக்கமானவர்” என்பதற்கு மேல் நான் போவதில்லை. நரகத்தைக் காட்டிப் பிள்ளையை ஆலயத்தில் உட்காரவைக்க முடியும், ஆனால் பிள்ளை பயத்தோடு உட்கார்ந்திருக்கும். பயம் தெளிந்த அன்றைக்கு எழுந்து போய்விடும்.

மார்க் பற்றிய கேள்வியும் இதில் சேர்த்திதான். “ஜெபம் பண்ணிட்டு எழுது, கர்த்தர் நல்ல மார்க் தருவார்” என்று பரீட்சைக்கு முன்னால் நாம்தான் சொல்கிறோம். நீட்டில் கிடைக்காமல் போனால் பிள்ளைக்குத் தோல்வி இரண்டாகிறது: பரீட்சையும் போயிற்று, ஆண்டவரும் கைவிட்டார். ஜெபத்தை “பயம் இல்லாம எழுத உதவி செய்யும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படித்ததுதான் வரும்.

படி 7: மலை ஏறுங்கள்

ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் சின்னமலையில் இறங்குங்கள். தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை அங்கே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும், பிள்ளைகளுக்கு அதுவே பிடிக்கும். அங்கிருந்து ஆலந்தூரில் மாறி பரங்கிமலை ஸ்டேஷன். மேலே இருக்கும் ஆலயம் போர்த்துகீசியர் 1523-இல் கட்டியது. படி ஏறி முடித்தால் ரன்வேயில் விமானம் இறங்குவது தெரியும். யோவான் 20-ஐ அங்கே உட்கார்ந்து வாசியுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு நாள் அடையாள அட்டையோடு கோட்டைக்குப் போங்கள். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை இருக்கும். புனித மரியாள் ஆலயம் 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கதீட்ரல் ரோட்டில் ஜார்ஜ் பேராலயத்தில்தான் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, நாடு விடுதலையாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆர்மேனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனிய ஆலயம் இருக்கிறது. பாரிமுனை இரைச்சலில் இருந்து ஒரு கதவைத் தாண்டினால் அப்படி ஒரு அமைதி. ஆகஸ்ட் 29 பெசன்ட் நகரில் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு காவி உடுத்து நடந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவரும் ஏராளம். “நாம அங்கெல்லாம் போறதில்ல” என்று சில சி.எஸ்.ஐ. பெரியவர்கள் சொல்வார்கள். வேடிக்கை பார்க்கவாவது கூட்டிப்போங்கள். தன் சபை நாலு சுவரைவிடப் பெரியது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

படி 8: வேலை கொடுங்கள், மேடை வேண்டாம்

நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கும் நன்றாக நடிக்கிற பிள்ளைக்கும் சபையில் எப்போதும் இடம் உண்டு. மிச்சம் எண்பது பேர் தேவதூதர் வேஷத்தில் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். மேடையில் ஏறியவனைவிட ஒயரைச் சுருட்டி வைத்தவன் அடுத்த வாரமும் வருவான் என்பது என் அனுபவம், ஏனென்றால் அவன் வராவிட்டால் மைக் வேலை செய்யாது.

ஆறு வயதுப் பிள்ளை பாட்டுப் புத்தகம் கொடுக்கலாம். பத்து வயதில் காணிக்கைப் பையை எடுக்கலாம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டலாம். பன்னிரண்டில் புரொஜெக்டரில் பாட்டு வரிகளைப் போடலாம். அந்த வேலையில் ஒரு பக்க லாபம், எழுத்துப் பிழை கண்டுபிடிக்கவாவது தமிழ் படிப்பான். பதினான்கில் வேதபாடம் வாசிக்கலாம். முந்தின நாள் வீட்டில் மூன்று தடவை வாசிக்கவையுங்கள். ஆலயத்துக்கு வர முடியாத தாத்தா பாட்டி வீட்டுக்கு மாதம் ஒரு முறை போய்வரும் குழுவில் யாரையும் சேர்க்கலாம். பிள்ளைகளுக்கு அந்த வீடுகளில் கிடைக்கும் பிஸ்கட் பிடிக்கும், கதைகள் அதைவிடப் பிடிக்கும்.

டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் குட்டி யானை வண்டியில் நெருக்கி உட்கார்ந்து, தொண்டை கட்டி, எட்டாவது வீட்டு கேக்கையும் விடாமல் தின்கிற அந்தப் பத்து நாளில் உண்டாகும் சிநேகம் பிப்ரவரி மாதத்து ஞாயிறுகளில் ஆளைக் கூட்டிவரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கேரல் ரவுண்டுக்குப் பதிலாக எங்கள் பிள்ளைகள் சாம்பார் சாதம் பொட்டலம் கட்டினார்கள். அந்த வருடத்துப் பிள்ளைகள்தான் இன்றைக்கு எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் முதுகெலும்பு.

இந்த வேலைகள் திடப்படுத்தலுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். வெள்ளை உடை, பிஷப் கை வைத்து ஜெபம், ஸ்டுடியோ போட்டோ என்று திடப்படுத்தல் ஆராதனையைப் பட்டமளிப்பு விழாவாக ஆக்கிவிட்டோம். பட்டம் வாங்கியவன் காலேஜுக்குத் திரும்பி வருவானா?

படி 9: பாதுகாப்பு

இதைப் பேசச் சபைகளில் கூச்சப்படுகிறார்கள். பேச வேண்டும். வகுப்பானாலும் முகாமானாலும் பிள்ளையோடு எந்தப் பெரியவரும் பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் வெளியூர் முகாமுக்கும் அனுப்பும் முன் யார் பொறுப்பு, இரவில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். யார் கட்டிப்பிடித்தாலும் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, அவர் போதகரானாலும் சரி. ஏதாவது நடந்தது என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். 2012 போக்சோ சட்டப்படி அது காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம், கமிட்டியில் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098. சபைப் பெயர் கெடும் என்று மூடிவைத்த வீட்டுப் பிள்ளை ஆலயத்தையும் நம்பாது, அப்பா அம்மாவையும் நம்பாது.

படி 10: வராமலே போய்விட்டால்

பதின்மூன்று வயதுவரை, பள்ளிக்கூடம் போவதைப் போல, குடும்பமாக ஆலயத்துக்குப் போகிறோம் என்பதில் பேரம் வேண்டாம். பதினைந்துக்கு மேல் பேரம் பேசத்தான் வேண்டும். எந்த ஆராதனை, யாரோடு உட்காருவது, மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று அவனும் சொல்லட்டும். பதினெட்டுக்கு மேல் கூப்பிடலாம், அவ்வளவுதான்.

என் மகன் பதினைந்தில் நிறுத்தினான். நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. முதலில் கத்தினேன். அடுத்து ஐயரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவன் மொட்டைமாடிக்குப் போய்விட்டான், ஐயர் காபி குடித்துவிட்டுப் போனார். மூன்றாவது, பெண்கள் ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபக்குறிப்புக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. “நான் என்ன கேன்சர் பேஷண்டாம்மா?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் வாயை மூடினேன்.

அப்புறம் செய்தது கொஞ்சம்தான். ஞாயிறு காலை கதவைத் தட்டி “கிளம்புறேன்டா, வரியா?” என்று ஒரே தடவை கேட்பேன். இல்லை என்றால் மறுபேச்சு இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரும்வரை யாரும் தட்டில் கை வைப்பதில்லை. அவன் பெயரைச் சொல்லி ஜெபிப்பதைக் குளியலறைக்கு மாற்றிக்கொண்டேன். வருடங்கள் போயின.

இப்போது அவனுக்கு இருபத்தொன்று. போன பெரிய வெள்ளிக்கிழமை ஆட்டோ கிடைக்கவில்லை என்று அவனே பைக்கில் கொண்டுவந்து விட்டான். மும்மணி ஆராதனை, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை; சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். போய்விடுவான் என்று நினைத்தேன். வெளியே வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். அங்கே ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முடிந்து வெளியே வந்தால், கஞ்சி ஊற்றுகிற இடத்தில் ஆள் பத்தாமல் யாரோ அவன் கையில் கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். என் டம்ளரில் ஊற்றினான், துவையலை ஓரத்தில் வைத்தான்.

“அம்மா, அந்த நாலாவது வார்த்தை. ஏலீ ஏலீன்னு. அது என்ன பாஷை?”

“அரமேயம்” என்றேன். “என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்னு அர்த்தம்.”

“அவரே அப்படிக் கேட்டாரா?”

“ஆமா.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. “தள்ளி நில்லும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளருக்குக் கரண்டியை நீட்டினான்.